பதினோரு வருடத் தயக்கம்: முதல் மனையை எங்கிருந்து ஆரம்பிப்பது?

கேள்வி: வயது 43. திருச்சியில் தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. எனக்கும் மனைவிக்கும் சேர்த்து மாதம் 95,000 ரூபாய் கையில் வருகிறது. குடியிருப்பது அப்பா கட்டிய வீடு, கடன் எதுவும் இல்லை. வங்கி வைப்பில் 18 லட்சம் இருக்கிறது. 11 வருடங்களுக்கு முன் சமயபுரம் டோல்கேட் பக்கம் 4 லட்சத்துக்கு ஒரு மனை பார்த்தேன். வில்லங்கம் இருக்குமோ என்ற பயத்தில் விட்டுவிட்டேன். அதே மனைக்கு இப்போது 14 லட்சம் சொல்கிறார்கள். அதன் பிறகு ஏழெட்டு இடம் பார்த்தும் ஒன்றையும் முடிக்கவில்லை. இப்போது மூன்று யோசனைகள்: 18 லட்சத்தில் 1,200 சதுர அடி மனை, சென்னை மேடவாக்கத்தில் 45 லட்சத்துக்கு ஒரு பழைய ஃபிளாட்டைக் கடனில் வாங்கி வாடகைக்கு விடுவது, தெரிந்தவர் மூலம் வந்திருக்கும் 30 சென்ட் விவசாய நிலம். எதில் இறங்கலாம்? இந்தப் பயத்தை எப்படி விடுவது?

பதில்: முதலில் அந்த 4 லட்சத்து மனையின் கணக்கை முடித்துவிடுவோம். 10 லட்சத்தைக் கோட்டை விட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கணக்குப் பிரிவில் இருப்பவர், கொஞ்சம் போட்டுப் பாருங்கள். அன்று வாங்கியிருந்தால் பத்திரச் செலவும் தரகும் சேர்ந்து 4.4 லட்சம் ஆகியிருக்கும். இன்று 14 லட்சத்துக்கே விற்றாலும் 2 சதவீதத் தரகு போக 13.7 லட்சம். லாபத்துக்கு 12.5 சதவீத மூலதன ஆதாய வரி கட்டினால் கையில் நிற்பது சுமார் 12.5 லட்சம். அதே 4.4 லட்சம் வங்கியில் 7 சதவீத வட்டியில் கிடந்து, வட்டிக்கு 20 சதவீதம் வரி போயிருந்தால்கூட இன்று 8 லட்சம். ஆக வித்தியாசம் நாலரை லட்சம். அதுவும் 14 லட்சம் என்பது சொல்கிற விலை. கைமாறுகிற விலை என்னவென்று நமக்குத் தெரியாது. வருத்தம் இருக்கலாம், ஆனால் அந்த வருத்தத்தை ஈடுகட்ட அவசர அவசரமாக இன்னொன்றை வாங்கும் அளவுக்கு அது பெரிய தொகை இல்லை. பல வருடம் தயங்கியவர்கள் கடைசியில் ஏமாறுவது பெரும்பாலும் இந்த அவசரத்தில்தான்.

பயத்தை விட வேண்டாம். உங்கள் பயம் சரியான கேள்வியைத்தான் கேட்டது. அந்தக் கேள்விக்குப் பதில் தேடாமல் திரும்பி வந்ததுதான் பிழை. வில்லங்கம் இருக்கிறதா என்பதைப் பதிவுத்துறை இணையதளத்தில் காசு கொடுக்காமலே பார்க்கலாம். பழைய பத்திரங்களின் சான்றிட்ட நகல் எடுக்க ஒவ்வொன்றுக்கும் சில நூறு ரூபாய். சொத்து வழக்குகளைப் பார்க்கிற ஒரு வழக்கறிஞரிடம் கருத்துரை வாங்க ஊரையும் ஆவணங்களின் கட்டையும் பொறுத்து 5,000 முதல் 15,000 வரை. அதிகம் போனால் 20,000 ரூபாய்க்குள் 'ஆம்' அல்லது 'வேண்டாம்' என்று தெரிந்துவிடும். பார்த்த ஏழெட்டு இடங்களில் எதற்காவது இந்த இருபதாயிரத்தைச் செலவழித்தீர்களா? செலவழித்திருந்தால் வேண்டாம் என்று விட்டதும் ஒரு முடிவாக இருந்திருக்கும்; இப்படி மனதில் தொங்கிக்கொண்டிருக்காது.

அடுத்து பட்ஜெட். உங்களிடம் இருப்பது 18 லட்சம் என்பதால் 18 லட்சத்துக்கு மனை பார்க்கிறீர்கள். அது நடக்காது. ஆறு மாதக் குடும்பச் செலவுக்கு 3 லட்சமும், பிள்ளைகள் படிப்பு, மருத்துவம் என்று இன்னொரு லட்சமும் தனியே இருக்க வேண்டும். மிச்சம் 14 லட்சம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9. இது அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு, பத்திரத்தில் காட்டும் விலை இரண்டில் எது அதிகமோ அதன் மேல். தரகு சாதாரணமாக 1 முதல் 2 சதவீதம். ஆவண எழுத்தர், நகல்கள், கருத்துரை, அளவை, கல் நட்டு வேலி போடுவது எல்லாவற்றுக்கும் சுமார் 75,000. 18 லட்சத்து மனை இப்படி 20.5 லட்சத்தில் போய் நிற்கும். திருப்பிப் போட்டால், 14 லட்சத்தில் நீங்கள் வாங்கக்கூடிய மனை 12 லட்சம் விலையுள்ளது. 12 லட்சம், அதன்மேல் 9 சதவீதமும் 1 சதவீதத் தரகும் 1.2 லட்சம், இதரச் செலவு 75,000, மொத்தம் 13.95 லட்சம். இனி தரகரிடம் சொல்ல வேண்டிய தொகை 12 லட்சம். அவரிடம் 18 என்று சொன்னால் 22-ஐக் காட்டுவார், அது அவர் தொழில்.

10 லட்சத்துக்கு உட்பட்ட மனையாக அமைந்து, மனைவி பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். ஆனால் பணம் உங்களுடையது, பெயர் அவருடையது என்றால் அதில் வரும் வருமானத்தை வருமான வரித்துறை உங்கள் கணக்கில்தான் சேர்க்கும். வெறும் மனையில் வருமானம் இல்லாததால் இப்போதைக்கு இது பெரிய விஷயமில்லை.

மேடவாக்கம் ஃபிளாட்டைச் சீக்கிரம் பார்த்துவிடலாம், ஏனென்றால் என் ஓட்டு அதற்கு இல்லை. 45 லட்சத்தில் வங்கி அதிகபட்சம் 80 சதவீதம், அதாவது 36 லட்சம் தரும். பதிவுச் செலவை அந்தக் கணக்கில் சேர்க்காது. ஆக 9 லட்சம், அதோடு பதிவுக்கு 4.05 லட்சம், பழைய வீட்டுக்குப் பெயின்ட், பிளம்பிங் என்று ஒன்றரை லட்சம்: கையிலிருந்து 14.5 லட்சத்துக்கு மேல் போகும். 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு லட்சத்துக்கு 868 ரூபாய் என்ற கணக்கில் மாதத் தவணை 31,250. வாடகை 14,000 வருகிறது, வருடத்தில் ஒரு மாதம் காலி என்று வைத்தால் 1.54 லட்சம். சொத்து வரி, காலி மாதப் பராமரிப்பு, சில்லறை ரிப்பேர் போக 1.24 லட்சம் நின்றால் அதிகம். போட்ட 50 லட்சத்துக்கு அது இரண்டரை சதவீதம். தவணைக்கு மாதாமாதம் 20,000-க்கு மேல் உங்கள் சம்பளத்திலிருந்து போகும். புதிய வருமான வரி முறையில் இருந்தால் இந்த வட்டி நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கவும் முடியாது.

அப்படியும் ஃபிளாட்தான் என்றால், கேட்க வேண்டிய முதல் கேள்வி 'எத்தனை சதுர அடி' அல்ல, 'யு.டி.எஸ். எவ்வளவு' என்பது. அதாவது மொத்த நிலத்தில் உங்களுக்கு வரும் பிரிக்கப்படாத பாகம். 850 சதுர அடி வீட்டுக்கு 380 சதுர அடி நிலம் வருகிறது, அங்கே மனை விலை சதுர அடி 6,000 என்று வையுங்கள். நிலம் 22.8 லட்சம். மீதி 22.2 லட்சத்தை 20 வருடம் பழசான செங்கலுக்கும் கம்பிக்கும் கொடுக்கிறீர்கள். நிலம் ஏறும், கட்டடம் தேயும். அடுத்து, அனுமதி வரைபடத்தில் எத்தனை மாடி, நிற்பது எத்தனை மாடி என்று எண்ணிப் பாருங்கள். ஒரு மாடி கூடுதலாக இருந்தால் அந்த வீட்டுக்கு எந்த வங்கியும் சுலபத்தில் கடன் தராது. நாளை உங்களிடமிருந்து வாங்குகிறவருக்கும் தராது. திருச்சியில் இருந்துகொண்டு மேடவாக்கத்தில் வாடகைக்காரரைச் சமாளிப்பது தனிக் கதை. வாடகை ஒப்பந்தத்தை வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் தவிர முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம். பத்து மாத அட்வான்ஸ் என்பது ஊர் வழக்கம்தான். தகராறு என்று வந்தால் அந்த வழக்கம் உங்களைக் காப்பாற்றாது.

இனி 30 சென்ட் நிலம். 'தெரிந்தவர்' என்ற சொல்லைப் பார்த்ததும் கொஞ்சம் நின்று சொல்லத் தோன்றுகிறது. தெரிந்தவர் நல்லவராகவே இருக்கலாம். அவருக்கு விற்றவரின் தாத்தா காலத்துப் பத்திரத்தை அவரும் படித்திருக்க மாட்டார்.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். விற்பவரிடம் சர்வே எண், உட்பிரிவு எண், கிராமம் மூன்றையும் கேளுங்கள். தரத் தயங்கினால் அங்கேயே நிறுத்திவிடலாம். அந்த எண்ணை வைத்து வருவாய்த்துறை இணையதளத்தில் பட்டா, 'அ' பதிவேடு (நிலத்தின் வகையைச் சொல்லும் கிராமக் கணக்கு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) மூன்றையும் இறக்குங்கள். பட்டாவில் யார் பெயர்? ஒருவர் பெயரா, நான்கைந்து பேர் சேர்ந்த கூட்டுப் பட்டாவா? கூட்டுப் பட்டாவில் ஒருவர் மட்டும் 'இது என் பங்கு' என்று ஒரு மூலையைக் காட்டி விற்றால், அந்த மூலை அவருடையது என்பதற்குப் பாகப்பிரிவினைப் பத்திரம் இருக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் வாங்குவது இடத்தை அல்ல, ஒரு பங்காளிச் சண்டையில் ஒரு பங்கை. 'அ' பதிவேட்டில் நிலம் ரயத்துவாரி, அதாவது தனியார் பட்டா நிலம் என்று இருக்கிறதா, புறம்போக்கு, அதாவது அரசு நிலம் என்று இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலின மக்களுக்கென்று அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலமாக இருந்தால், பட்டியலினத்தவர் அல்லாதவர் வாங்கிய கிரயம் செல்லாது, எத்தனை கை மாறியிருந்தாலும் சரி. கோயில் நிலம், வக்ஃப் நிலம், பூதான இயக்கத்தில் தானமாக வந்த நிலம் எல்லாம் இங்கேயே தெரியவர வேண்டியவை. பட்டா மட்டும் போதும் என்று சொல்பவர்களும் உண்டு. பட்டா வருவாய்க் கணக்கு. உரிமையைச் சொல்வது பத்திரம். 1980-களில் யு.டி.ஆர். நில உடைமைப் பதிவு நடந்தபோது பெயர் மாறி ஏறிய பட்டாக்கள் இன்றைக்கும் ஏராளம். அப்போதுதான் பல கிராமங்களில் சர்வே எண்ணும் மாறியது. ஆகவே வில்லங்கச் சான்றைப் பழைய எண், புதிய எண் இரண்டுக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். இடையில் சார்பதிவாளர் அலுவலகம் பிரிந்திருந்தால் தாய் அலுவலகத்திலும் பார்க்க வேண்டும். நிறைய பேர் தவறவிடுவது இந்த இரண்டையும்தான். புது எண்ணுக்கு மட்டும் போட்டு 'வில்லங்கம் இல்லை' என்று வந்த தாளை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பார்கள்.

30 வருட வில்லங்கம் வந்ததும் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். எப்படிப் படிப்பது என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். தாய்ப்பத்திரத்தில் மொத்தம் 1 ஏக்கர் 20 சென்ட். பட்டாவில் இன்னும் 0.48.50 ஹெக்டேர் என்றே இருக்கிறது, அதாவது அதே 1.20 ஏக்கர். விற்பவர் பட்டாவைக் காட்டி, 'மொத்தமும் என் பெயரில்தான் இருக்கிறது, உங்களுக்கு 30 சென்ட் தருகிறேன்' என்கிறார். வில்லங்கத்தைப் பார்த்தால் 1998-ல் 35 சென்ட் கிரயம், 2006-ல் மகளுக்கு 40 சென்ட் தான செட்டில்மென்ட், 2011-ல் 20 சென்ட் கிரயம். மூன்றையும் கூட்டினால் 95. மிச்சம் 25 சென்ட். வாங்கியவர்கள் யாரும் பட்டா மாற்றாததால் பட்டா பழைய அளவிலேயே நிற்கிறது. இவர் உங்களுக்கு விற்க வந்திருப்பதில் 5 சென்ட் இல்லவே இல்லை. பத்திரப் பதிவு ஒழுங்காக நடந்து முடியும், உங்களுக்கு ஒரு ஆவணமும் வரும். அந்த 5 சென்ட்டை நிலத்தில் தேடினால் கிடைக்காது. இந்தக் கழித்தல் கணக்கை ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் நீங்களே போடுங்கள், வழக்கறிஞரிடம் விட வேண்டாம். கணக்கு உங்கள் தொழில்.

வில்லங்கச் சான்றில் தெரியாதவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். பதிவாகாத உயில் அதில் வராது. வாரிசுகள் யார் யார் என்பது வராது. நடந்துகொண்டிருக்கும் வழக்கு பல நேரம் வராது. மின்நீதிமன்ற இணையதளத்தில் விற்பவர் பெயரையும் அவர் அப்பா பெயரையும் போட்டுத் தேட வேண்டும். பத்திரத்தை எங்காவது அடமானம் வைத்திருந்தால், கையில் அசல் இல்லாமல் கலர் ஜெராக்ஸைக் காட்டுவார்கள். 'அசல் தொலைந்துவிட்டது, போலீஸ் சான்று இருக்கிறது' என்பவரிடம் முதல் மனையை வாங்க வேண்டாம். அது உண்மையாகவே இருந்தாலும் அந்தத் தலைவலி உங்களுக்கு எதற்கு? வங்கி அடமானங்களைத் தேடிப் பார்க்கும் மத்தியப் பதிவகம் ஒன்று இருக்கிறது, செர்சாய் என்பார்கள். சிறு கட்டணத்தில் யாரும் தேடலாம்.

வாரிசு விஷயத்தில் தமிழ்நாட்டில் அடிக்கடி காலை வாருவது சகோதரிகளின் கையெழுத்து. '1989 மார்ச் 25-க்கு முன்னாலேயே கல்யாணம் ஆகிப் போனவர்கள், அவர்களுக்குப் பங்கில்லை' என்று இன்றும் சொல்வார்கள். அது பழைய மாநிலத் திருத்தத்தின் கணக்கு. 2005 செப்டம்பர் 9-ல் வந்த மத்தியத் திருத்தமும், அதற்கு 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்ன விளக்கமும், பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்பாலேயே பங்கு என்று ஆக்கிவிட்டன. 2004 டிசம்பர் 20-க்கு முன்னரே பதிவான பாகப்பிரிவினை இருந்தால் தப்பலாம். இல்லையென்றால் வாரிசுச் சான்றில் உள்ள ஒவ்வொரு பெயரும் உங்கள் கிரயப் பத்திரத்தில் எழுதிக்கொடுப்பவராக வர வேண்டும், அல்லது அவர் தன் பங்கை விட்டுக்கொடுத்துப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் இருக்க வேண்டும். 'அக்கா அமெரிக்காவில் இருக்கிறார், அப்புறம் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம்' என்றால், அக்கா வந்த அப்புறமே பணம்.

மைனர் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி வேண்டும். பவர் ஏஜென்ட் (உரிமையாளரிடம் அதிகாரப் பத்திரம் பெற்றவர்) விற்கிறார் என்றால் பவர் பதிவானதா, ரத்தாகாமல் இருக்கிறதா, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள். முடிந்தால் கொடுத்தவரை நேரில் சந்தித்துவிடுங்கள். வெறும் பவரையும் ஒரு ஒப்பந்தத்தையும் கையில் கொடுத்து 'இதுவே போதும், பத்திரம் அப்புறம்' என்பதை 2011-லேயே உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது.

விவசாய நிலத்தில் இன்னொன்று, பாதை. புலப்படத்தில் உங்கள் உட்பிரிவுக்கு வண்டிப் பாதை வரையப்பட்டிருக்கிறதா? 'இத்தனை வருஷமா இந்த வரப்பு மேலதான் போறோம்' என்பது பக்கத்து நிலத்துக்காரர் மனது வைக்கிறவரைதான். பத்திரத்தில் பாதை உரிமை எழுதப்படாத 30 சென்ட், விற்கும்போது பாதி விலைக்குப் போகும்.

இதையெல்லாம் பார்த்தால், உங்கள் நிலைமைக்கு முதல் வாங்குதலாக நான் சொல்வது அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவில், ஏற்கெனவே நாலு வீடு எழும்பிய தெருவில் ஒரு சிறிய மனை. லாபம் கொஞ்சம் குறைவாக இருக்கலாம். பரவாயில்லை. ஆவணங்கள் தெளிவாக இருக்கும், தேவைப்படும்போது விற்கவும் முடியும். 12 லட்சத்துக்கு 1,200 சதுர அடி கிடைக்காவிட்டால் 800 பாருங்கள், அல்லது இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போங்கள். கடன் வாங்கி 18-க்குப் போக வேண்டாம். வெறும் மனைக்கு வாங்கிய கடனின் வட்டிக்கு வரிச்சலுகை கிடையாது. பல வங்கிகள் இரண்டு, மூன்று வருடத்துக்குள் வீடு கட்ட வேண்டும் என்றும் நிபந்தனை போடும்.

மனைப்பிரிவில் பார்க்க வேண்டியது வேறு மாதிரி. 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற சொல்லுக்கு மனைப்பிரிவு விஷயத்தில் அர்த்தம் இல்லை. அனுமதி தருவது சென்னைப் பெருநகரப் பகுதி என்றால் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ., வெளியே நகர் ஊரமைப்பு இயக்ககமான டி.டி.சி.பி. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அல்லது எட்டு மனைகளுக்கு மேற்பட்ட புதிய மனைப்பிரிவுகளுக்கு ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவும் வேண்டும். ரெரா எண்ணை விளம்பரத்தில் படித்ததோடு விடாமல் தமிழ்நாடு ரெரா தளத்தில் போட்டு, அங்கே ஏற்றியிருக்கும் அனுமதி வரைபடத்தை இறக்குங்கள். அதில் உங்கள் மனை எண்ணைத் தேடி, நீள அகலம், முன்னால் உள்ள சாலையின் அகலம் இரண்டையும் ஒப்பிடுங்கள். விற்பவர் கையில் இருக்கும் பளபளப்பான வண்ணப்படத்தில் மனை எண் 47 என்று இருக்கும் இடம், அனுமதி வரைபடத்தில் பூங்காவாக இருந்த கூத்தெல்லாம் நடந்திருக்கிறது. சாலையும் பூங்காவும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். பழைய, அனுமதி இல்லாத மனை என்றால் ஒரே கேள்வி: 2016 அக்டோபர் 20-ஆம் தேதிக்கு முன்பே விற்கப்பட்டதா, பின்னால் முறைப்படுத்திக் கொடுக்கும் வரன்முறை உத்தரவு அந்தக் குறிப்பிட்ட மனை எண்ணுக்கு வந்திருக்கிறதா? 'அப்ளை பண்ணியாச்சு' என்பது உத்தரவு ஆகாது. மாதாமாதம் வாடகை போலப் பணம் தருகிறோம், மூன்று வருடத்தில் இரட்டிப்பாக நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்ற மனைகள் பக்கம் தலை வைத்தும் படுக்க வேண்டாம். 90-களின் தேக்குமரத் திட்டங்களை நினைவிருக்கும் வயதுதான் உங்களுக்கு.

பத்திரத்தின் சொத்து விவரத்தில் இரண்டு இடங்களை நீங்களே படியுங்கள். ஒன்று எல்லைகள். 'மனை எண் 12-க்கு வடக்கு' என்று எழுதியிருந்தால், மனை எண் 12 உங்களுக்கு வடக்கே இருக்கிறது என்று அர்த்தமல்ல. அதற்கு வடக்கே நீங்கள் இருக்கிறீர்கள். அது உங்களுக்குத் தெற்கே. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு எதிர்மனையில் வேலி போட்டவர்கள் உண்டு. இரண்டாவது அளவு. கிழமேலடி வடபுறம் 30, தென்புறம் 30, தென்வடலடி இருபுறமும் 40 என்றால் 1,200 சதுர அடி. தென்புறம் மட்டும் 28 என்று இருந்தால் சராசரி 29, பெருக்கினால் 1,160. மேலே 1,200 என்று எழுதி, கீழே அளவில் 1,160 கொடுத்திருப்பார்கள். சதுர அடி 1,500 என்றால் அந்த 40 சதுர அடி 60,000 ரூபாய். ஒரு டேப்பும் கூட ஒரு ஆளும் போதும், இதை அரை மணி நேரத்தில் பிடித்துவிடலாம்.

இடத்தை ஒருமுறை மதிய வெயிலில் தரகரோடு பார்த்தது போதாது. ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள் தனியாகப் போங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் வடிகிறது என்பதை எந்த ஆவணமும் சொல்லாது. பக்கத்து வீட்டில் போர் எத்தனை அடி, தண்ணீர் உப்பா என்று கேளுங்கள். கடைசி மின்கம்பம் எத்தனை தூரம், மேலே உயர் அழுத்த லைன் போகிறதா என்று பாருங்கள்.

பணம் கொடுக்கும் முறையில்தான் முக்கால்வாசிப் பேர் வழுக்குகிறார்கள். இடம் பிடித்த அன்றே இரண்டு லட்சம் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் ஆவணம் பார்ப்பார்கள். குறை தெரிந்தாலும் பணம் மாட்டிக்கொண்டதால் 'பரவாயில்லை, எல்லாரும் இப்படித்தான் வாங்குகிறார்கள்' என்று தங்களையே சமாதானம் செய்துகொள்வார்கள். நீங்கள் டோக்கனாக 10,000, மிஞ்சினால் 25,000 கொடுங்கள். வங்கி வழியாக, 'ஆவணங்கள் திருப்தி இல்லையெனில் முழுதும் திருப்பித் தரப்படும்' என்ற ஒரு வரி ரசீதோடு. இருபது நாள் அவகாசம் கேளுங்கள். வழக்கறிஞர் சரி என்ற பிறகு கிரய ஒப்பந்தம், 10 சதவீதம் முன்பணம், 90 நாள் கெடு. ஒப்பந்தத்தைப் பதிந்துவிடுங்கள், பதிந்தால் அது வில்லங்கத்தில் ஏறும், விற்பவர் இன்னொருவரிடம் போய் அட்வான்ஸ் வாங்க முடியாது. மீதிப் பணம் பதிவு நாளன்று, வங்கி வரைவோலையாகவோ பரிமாற்றமாகவோ, எண்ணும் தேதியும் பத்திரத்தில் எழுதப்பட்டு.

'பாதியை வெள்ளையாகவும் பாதியை கருப்பாகவும் கொடுங்கள்' என்ற பேச்சு நிச்சயம் வரும். சொத்துப் பரிமாற்றத்தில் விற்பவர் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அதே அளவு தொகையை அவருக்கு அபராதமாகப் போட வருமான வரிச் சட்டத்தில் இடமிருக்கிறது. உங்களுக்கும் இழப்புதான். 12 லட்சத்து மனையை 7 என்று காட்டிப் பதிந்தால், நாளை விற்கும்போது அந்த 5 லட்சமும் உங்கள் லாபமாகக் கணக்காகி அதற்கு வரி கட்டுவீர்கள். சொத்து 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவரே 1 சதவீத வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும். இந்த முறை உங்களுக்கு அது பொருந்தாது.

பதிவு முடிந்ததும் வேலை முடிந்ததாக நினைத்து பீரோவில் பத்திரத்தைப் பூட்டிவிடுகிறவர்கள் அதிகம். உட்பிரிவு செய்ய வேண்டிய மனை என்றால் சர்வேயர் வந்து அளந்து, புது உட்பிரிவு எண்ணோடு உங்கள் பெயரில் பட்டா வரும்வரை விடாமல் துரத்துங்கள். நான்கு மூலையிலும் கல், சுற்றிக் கம்பி வேலி, முன்னால் உங்கள் பெயர் இல்லாவிட்டாலும் மனை எண்ணோடு ஒரு பலகை. காலிமனை வரி இருந்தால் கட்டி ரசீதை வைத்திருங்கள். வருடத்துக்கு ஒருமுறை அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கம் பாருங்கள், காசு ஒன்றும் ஆகாது. அடுத்தவர் 12 வருடம் யாரும் கேட்காமல் உங்கள் இடத்தை அனுபவித்தால் அனுபவ பாத்தியம் கோரும் வாய்ப்பு அவருக்கு உண்டு. பொங்கலுக்கு ஊர்ப்பக்கம் போகும்போது ஒரு எட்டு போய்ப் பார்த்து, தேதியோடு நாலு படம் எடுத்து வாருங்கள்.

மனை அமையும்வரை சும்மா இருக்க மனமில்லை என்றால், சில ஆயிரம் ரூபாயில் பங்குச்சந்தையில் ஒரு ரீட்டின் (வாடகைக் கட்டடங்களில் பலர் சேர்ந்து முதலீடு செய்யும் அறக்கட்டளை) யூனிட்டுகளை வாங்கிப் பார்க்கலாம். அலுவலக வளாகங்கள், மால்களின் வாடகையில் செலவு போக விநியோகிக்கக்கூடிய தொகையில் 90 சதவீதத்தைப் பிரித்துத் தந்தாக வேண்டும் என்பது பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதி. விலை சந்தையோடு ஏறி இறங்கும். ஆனால் வாடகை வருமானம் என்பது எப்படி இருக்கும் என்று பத்திரம், பதிவு எதுவும் இல்லாமல் புரிந்துவிடும்.

வரும் சனிக்கிழமை செய்ய வேண்டியது இவ்வளவுதான். 14 லட்சத்தைத் தனியாக ஒரு வைப்பில் பிரித்துப் போடுங்கள். அதைத் தவிர மற்றதைத் தொடுவதில்லை என்று மனைவியோடு பேசி முடிவெடுங்கள். 18 லட்சத்து மனைக்காரரிடமும் 30 சென்ட்காரரிடமும் சர்வே எண் கேட்டு வாங்குங்கள். மாலையில் இரண்டுக்கும் வில்லங்கம் இறக்கி அந்தக் கூட்டல் கழித்தலைப் போடுங்கள். இரண்டையும் நீங்கள் வாங்கப்போவதில்லை என்றாலும் பரவாயில்லை, படித்துப் பழக அவை போதும். எதிலாவது ஒரு பதிவு புரியவில்லை என்றால் அந்த ஆவண எண்ணையும் வருடத்தையும் குறித்து வைத்து, சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பியுங்கள்.